நேரில் வர வேண்டும்

முச்சந்தியில் கட்டில் வருவதைக் கண்டதும் ஜவாஹிர் குடையை மடக்கி ஒரு கடை வாசலில் சாத்திவிட்டு, கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாலு பேர் தோளில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் தலையிலிருந்து கால்வரை இழுத்து மூடிய வெள்ளைத் துணி.

கிராம சபைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதுதான். ஆனாலும் ஜனாஸா எதிரே வரும்போது தோள் கொடுக்காமல் போகிற முஸ்லிம் எங்கே இருக்கிறான்? அதிலும் ஜவாஹிர் வட்டார மெம்பர். அடுத்த வருஷம் தேர்தல் வேறு.

முன்னால் தூக்கி வந்த பலசரக்குக் கடை சிவஞானத்திடம், யார் என்று மெல்லக் கேட்டார். நம்ம மீராசாஹிப் நானாதான் என்றார் சிவஞானம். அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை.



இன்றைய கூட்டமே மீராசாஹிபின் மனுவைப் பற்றித்தான். கராம்பு மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன மனுஷன் அவர். தன்னைப் போன்றவர்களையும் வயது போய் வீட்டோடு முடங்கியவர்களையும் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் கூட்டிப்போக, சபைச் செலவில் ஒரு சக்கர நாற்காலியும் அதைத் தள்ள ஓர் ஆளும் வேண்டுமென்று கேட்டிருந்தார்.

ஜவாஹிருக்கோ அதே பணத்தில் சந்தைக்கு ஒரு வாசல் வளைவு கட்டிவிட ஆசை. வளைவின் உச்சியில் தன் பெயர் பொறித்த கல்லைக்கூட மனசுக்குள் பதித்து முடித்திருந்தார்.

வெளிப்படையாக எதிர்த்தால் ஊர் வாயில் விழ வேண்டும். அதனால் போன கூட்டத்தில் நைசாக ஒரு நிபந்தனை போட்டார். மனுக் கொடுத்தவர் நேரில் வந்து விளக்க வேண்டும், வராவிட்டால் மனு தள்ளுபடி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, மற்ற மெம்பர்களும் சரி என்றார்கள். நடக்க முடியாத மனுஷன் எங்கே வரப்போகிறார்?

இப்போது ஒரேயடியாகப் போய்விட்டார்.

ஜவாஹிர் சிவஞானத்தின் இடத்தில் தன் தோளை நுழைத்தார். சிவஞானம் ஒரு கணம் விழித்தார். பிறகு, இதைவிடப் பெரிய உபகாரம் உண்டா என்பது போல விலகித் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

சந்தூக்குப் பெட்டிகூட இல்லாமல் வெறுங்கட்டிலில் ஒரு ஜனாஸா. பள்ளிவாசல் சந்தூக்கு பழுதாகியிருக்க வேண்டும். தூக்கி வந்தவர்களைப் பார்த்தால் நாலு பேர் நெற்றியிலும் திருநீறு. நம்மாள் ஒருத்தன்கூட வரவில்லையே, ஊர் இப்படியா கெட்டுப்போனது என்று ஜவாஹிருக்குக் கோபம் கோபமாக வந்தது. கலிமா சொல்லக்கூட ஆள் இல்லை. அவரே உரக்க ஆரம்பித்தார்.

மெம்பரின் குரல் கேட்டதுதான் தாமதம், தெருவே இறங்கி வந்தது. டெய்லர் ஸஹாப்தீன் பாதி தைத்த காற்சட்டையை மெஷினில் விட்டுவிட்டு ஓடி வந்தார். மழைக்குப் பயந்து சாதிக்காயை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் அதை அப்படியே நனையவிட்டு வந்தார்கள். தோள் மாறியது, மறுபடி மாறியது. இரத்தோட்டை பஸ் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்தது.

ஜவாஹிர் மட்டும் தன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு நாற்காலி கேட்ட மனுஷனுக்குக் கடைசியில் கயிற்றுக் கட்டில்தான் கிடைத்தது என்று நினைத்தார். தலைமாட்டுப் பக்கம் வாயைக் கொண்டுபோனார்.

"மன்னிச்சிக்கங்க நானா. நீங்க உசிரோட வந்திருந்தா, இன்னக்கி சபையில ஒங்களுக்காகத் தூக்குற மொதக் கை என் கைதான்."

உண்மையாகவே சொன்னார். கண்ணீர்கூட வந்தது.

தெரு முடிந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் அடக்கம் செய்கிற மையவாடி. வலது பக்கம் சபைக் கட்டடம். ஜவாஹிர் இடது பக்கம் திரும்பினார். கூடவே வந்த சிவஞானம் பாய்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார்.

கட்டில் ஆடியது. துணி விலகியது.

உள்ளே இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. கூட்டத்துக்குப் போகிற மனுஷன் தூறலில் நனையக் கூடாதென்றுதான் போர்த்தியிருந்தார்கள்.

"மையவாடிக்கு இன்னும் நாளிருக்கு தம்பி," என்றார் மீராசாஹிப். "மொதல்ல சபைக்குப் போவோம். மொதக் கை ஒங்க கைதானே?"

கலிமா பாதியில் நின்றது. ஸஹாப்தீன் சாக்கடைக்குள் காலை விட்டார். சிவஞானத்துக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மனு நல்லபடியாக நிறைவேற வேண்டுமென்று இவர்கள் ஓதி வருவதாக நினைத்து, வழி நெடுக அவரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்திருந்தார்.

சபை வாசலில் கட்டிலோடு ஊரே நின்றது. மனுக் கொடுத்தவர் நேரில் வந்திருக்கிறாரா என்று உள்ளேயிருந்து தலைவர் கேட்டார்.

ஜவாஹிர் ஒரு கையால் கட்டிலைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கினார்.