சதுர்னினா பதில் சொல்கிறாள்

மலையூரான சின்செரோவின் நெசவு முற்றத்தில் வெயில் மண்சுவரேறி நிற்கிறது. கரும்பலகையில் நெசவுக்காரி சதுர்னினா ஆங்கிலத்தில் எழுதிய உரையாடல் இரண்டே வரி: "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" "நூல் நூற்றுக்கொண்டிருக்கிறேன்." இந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த நான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். எழுதி முடித்த கை மறுபடி தக்ளியைச் சுழற்றுகிறது. சாக்பீஸ் தூள் கம்பளி நூலில் ஏறுகிறது. அப்போது வழிகாட்டி வில்பர் ஒரு வெளிநாட்டுப் பயணியை அழைத்துவருகிறான். அந்த மனிதர் அவளிடம் குனிந்து அதே கேள்வியைக் கேட்கிறார். வழக்கம்போல அவளுக்காகப் பதில் சொல்ல வில்பர் வாய் திறக்கிறான்.

"நீ சும்மா இருடா தம்பி. என்னைத்தானே கேக்குறாரு?" என்று ஊர்மொழியான கெச்சுவாவில் அவனை அடக்குகிறாள். முற்றத்துப் பெண்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக: "நான் நூல் நூத்துக்கிட்டிருக்கேன்." எனக்கு நெஞ்சு விம்முகிறது. பாடம் அதோடு முடிகிறது, அவள் முடிக்கவில்லை. விசாரித்தவரைப் பதிலுக்கு விசாரிக்காமல் விடுவது இந்த ஊரில் மரியாதை இல்லை. பலகையின் முதல் வரியை அவரிடமே திருப்புகிறாள். "நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருக்கீங்க?"

அவர் தன் வெறுங்கைகளைப் பார்க்கிறார். பிறகு, பதிலைத் தேடி, வில்பரைப் பார்க்கிறார்.