மிஸியின் பிழை

"ஒன்பது வருசமா மாசாமாசம் இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். ஒரு நாளாவது கண்ணைப் பற்றி ஒரு கதை கதைச்சனீங்களா?"

டொமினிக் போட்ட சத்தத்தில் கிளினிக் வாங்குகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் நேர்ஸ் கமலேஸ்வரி. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் 'மிஸி'. பதினெட்டு வருசமாக அதே கிளினிக்.

டொமினிக்கின் கையைப் பிடித்தபடி நின்றாள் மகள் இன்பமலர். பதினைந்து வயது. ஆறு வயதில் வந்த சீனி வருத்தம். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் இன்சுலின் ஊசி.

பத்து நாளைக்கு முன்னர்தான், "வலக்கண்ணுக்குள்ள கறுப்பு நூல் மாதிரி ஓடுது அப்பா" என்றாள். அடுத்த நாள் எழும்பியபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

டவுனுக்கு வந்திருந்த கண் டொக்டர் நெடுநேரம் லைட் அடித்துப் பார்த்தார்.

"சீனி வருத்தம் கண்ணுக்குள்ள இறங்கியிருக்கு. இரத்தம் கசிஞ்சிட்டுது. இந்தக் கண் இனிக் கஷ்டம். மற்றதிலயும் தொடங்கியிருக்கு, உடன கொழும்புக்குக் கொண்டு போங்கோ. ஏன், வருசா வருசம் கண்ணைச் சோதிச்சனீங்கள்தானே?"

இல்லை. ஒருவரும் சொல்லவில்லையே!

அந்தக் கோபம்தான் டொமினிக்கை நேரே இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. ஹாபரில் கிரேன் ஓட்டுகிறவர், சத்தம் போட்டே பழகிய தொண்டை.

"ஊசி குடுக்கத் தெரியுது, சலத்தை எடுத்துச் சீனி சோதிக்கத் தெரியுது. கண் போகும் எண்டு சொல்லத் தெரியேல்லையா? உங்கட பிள்ளையெண்டா இப்பிடி விட்டிருப்பீங்களா?"

"நியாயமான கேள்விதானே" என்றார் வாங்கில் இருந்த ஆதம்பாவா. மூதூரிலிருந்து விடியவே வள்ளமேறி வந்தவர். "ஏழை சனமெண்டா இவங்களுக்கு ஒரு இளக்காரம்."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

மிஸி இன்பமலரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பிழைதான் அண்ணன். நாங்கள் சொல்லியிருக்கவேணும்."

வாங்குகளில் முணுமுணுப்பு எழுந்தது. இன்பமலர் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

"பிள்ளை, நீ கொஞ்சம் வெளியில இரு. கொழும்புக்குக் கடிதம் எழுதி அப்பாட்டக் குடுத்து விடுறன்."

அவள் வலப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனாள். மிஸி டொமினிக்கை உள்ளறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீங்களே ஒத்துக்கொண்டிட்டீங்கள். நான் இதைச் சும்மா விடமாட்டன். மேலிடத்துக்கு எழுதத்தான் போறன்" என்றார் டொமினிக்.

"எழுதுங்கோ. அதுக்கு முதல் இதை ஒருக்காப் பாருங்கோ."

மிஸி அலுமாரியைத் திறந்து பழைய ஃபைல் ஒன்றை எடுத்தார். தாள்களைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். இங்கிலீசில் ஏதோ இரண்டு வரி. டொமினிக்குக்கு அது விளங்கவில்லை. கீழே இருந்த கையெழுத்து விளங்கியது. அவருடையது.

"எழுபத்தாறாம் ஆண்டு, ஓகஸ்ட் மாசம். கண் சோதனைக்குக் கொழும்புக்குப் போகச் சொன்னது. தகப்பன் மறுத்துவிட்டார். இதுதான் எழுதியிருக்கு."

டொமினிக்கின் காதுக்குள் மூன்று வருசத்துக்கு முந்தைய தன் சிரிப்பு கேட்டது.

அன்று வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. மிஸி பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடி வந்தார். "கண் நல்லாத் தெரிஞ்சாலும் மருந்து விட்டு உள்ளுக்குப் பாக்கவேணும் அண்ணன். பிள்ளைக்குத் தெரிய வரக்குள்ள பிந்திப் போயிடும்" என்றார்.

"என்ன மிஸி நீங்கள்! என்ர பிள்ளை இஞ்ச நிண்டுகொண்டு சந்தியில வாற பஸ்ஸின்ர போர்ட்டை வாசிக்கிறாள். நல்லா இருக்கிற கண்ணைப் போய் ஏன் கிண்டுவான்?" என்று சிரித்துக்கொண்டே, அவர் நீட்டிய ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தார். அந்தி படுமுன் மறந்தும் போனார்.

டொமினிக் ஃபைலை மூடி வைத்தார்.

"அவ்வளவு பேருக்கு முன்னால... ஏன் மிஸி இதைக் காட்டேல்ல?"

"சனத்துக்குக் காட்டுறது பெரிய வேலையில்ல. பிள்ளை பக்கத்தில நிண்டவள்." மிஸி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "இன்னும் ஒரு கண் இருக்கு அண்ணன். உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டுதான் அவள் கொழும்புக்குப் போகவேணும். அந்தக் கையை நம்பாட்டி அவள் எப்பிடிப் போவாள்?"

கொழும்பில் மூன்று கிழமை. இடக்கண் தப்பியது. வலக்கண்ணுக்கு ஒன்றும் செய்ய ஏலாமல் போனது.

வைத்தியம் முடிந்ததும் மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போகும்போதே டொமினிக் முடிவெடுத்திருந்தார். கொழும்பில் வைத்து இரண்டு தரம் வாயெடுத்தார். இரண்டு தரமும் வேறு கதைக்கு மாறினார். ரயிலில் எப்படியும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினார்.

ரயில் சீனன்குடாவைத் தாண்டியது. காலை வெயிலில் கடல் தெரிந்தது. இன்பமலர் தலையைச் சரித்து, இருக்கிற ஒரு கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மிஸியின்ர முகத்தில இனி முழிக்கமாட்டன் அப்பா" என்றாள். "அவ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நீங்கள் அண்டைக்கே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீங்கள், என்ன?"

டொமினிக் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை" என்றார்.