குளோரின் நெடி

"குளோரினை மூட்டை மூட்டையாக் கொட்டியிருக்கே டார்லீன்! குளத்துப் பக்கம் வந்தாலே நெடி மூக்கைத் துளைக்குது. என் கண்ணைப் பாரு, மிளகாப் பழமா இருக்கு!"

குடியிருப்புச் சங்கத் தலைவர் வெர்னன் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டார். நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகளில் கிடந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

டார்லீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஒஹாயோ குடியிருப்பில் இரண்டு வருஷமாய்க் கேட்பாரற்று மூடிக்கிடந்த குளம் அது. வசந்தத்தில் தார்ப்பாயை விலக்கியபோது உள்ளே தவளைகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. தண்ணீர் கீரை மசியல் நிறம். "ஆள் வெச்சா கட்டுப்படியாகாது" என்று சங்கம் கையை விரித்துவிட, டார்லீன்தான் களத்தில் இறங்கினாள்.

பாசியைத் தேய்த்தாள். குட்டிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்தாள். காரம் ஏறியிருந்தால் அமிலம் விட்டாள். அமிலம் ஏறிவிட்டால் சோடா உப்பைக் கரைத்தாள். அது ஏறினால் இது இறங்கும், இது ஏறினால் அது இறங்கும். மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்கிற கதைதான்.

ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்து அடித்தரை தெரிந்த அன்று, அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போட்ட சட்டையோடு குதித்தார்கள். கோடை விடுமுறைக்கு அவர்களை வேறெங்கும் அழைத்துப்போக அவளுக்கு வசதியில்லை. கடற்கரை, உல்லாசப் பயணம் எல்லாமே அந்தக் குளம்தான்.

திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கச்சேரி.

"குளோரின் அதிகமாகலை வெர்னன். குளத்துக்கு மருந்து விக்கிற கடையிலயே தண்ணியக் காட்டி விசாரிச்சுட்டேன். இது வெறும் குளோரின் நெடி இல்லையாம்."

"பின்னே?"

டார்லீன் தயங்கினாள். "குளோரினோட வேர்வையும்... ஒண்ணுக்கும் சேர்ந்தா இந்த நெடி வருமாம். யாரோ குளத்துக்குள்ளயே போறாங்க."

எல்லாருடைய கண்களும் குளத்தில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கம் திரும்பின.

"யாரோ என்ன யாரோ? இந்த வாண்டுங்கதான்!" என்றாள் சாய்வு நாற்காலியில் கிடந்த எட்னா, தொப்பியைச் சரிசெய்தபடி. "தப்பா எடுத்துக்காதே கண்ணு. உன்னோடதுங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"நான் முதல்லயே சொன்னேன், யார் கேட்டீங்க?" வெர்னனுக்குக் குரல் ஏறியது. "பதினாலு வயசுக்குக் கீழ யாரும் இறங்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஓட்டுக்கு விடறேன்."

டார்லீன் குளத்தைச் சுற்றியிருந்த கம்பி வேலியைப் பார்த்தாள். மூன்று மாதம் இடுப்பொடியத் தேய்த்தது, தன் பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதற்கா?

சனிக்கிழமை காலை. கடையில் சொன்னபடி, நெடி போகக் கூடுதல் குளோரின் போட்டுத் தண்ணீரைச் சரிசெய்து வைத்திருந்தாள். எல்லாரும் கூடியதும், ஒரு குப்பியைக் கொண்டுவந்து அவர்கள் கண்ணெதிரிலேயே குளத்தில் கவிழ்த்தாள்.

"புது மருந்து. இனிமே தண்ணிக்குள்ள யார் ஒண்ணுக்குப் போனாலும், அவங்களைச் சுத்தி ஊதாவா வட்டம் போட்டுக் காட்டிக்குடுத்துடும்."

"அப்படிப் போடு!" வெர்னன் கைதட்டினார். "இன்னிக்கு இந்தப் பொடிசுங்க சாயம் வெளுத்துடும்."

பொடிசுகள் தொபுக்கடீரென்று குதித்தன. கத்தின, முங்கின, ஒன்றையொன்று இழுத்துத் தள்ளின. டார்லீனின் மகள் மட்டும் நடுவில் கரையேறி, "எனக்கு வருது, வருது!" என்று ஊருக்கே அறிவித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்து குதித்தாள்.

மதியமும் ஆயிற்று. அடுப்பில் இறைச்சி வாட்டும் வாசம் எழுந்தது. குளத்தில் மருந்துக்குக்கூட ஊதா இல்லை.

பெரியவர்களும் இல்லை.

தினமும் விடிந்ததும் முதல் ஆளாகக் குதித்துப் பத்துச் சுற்று நீந்துகிற வெர்னனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதாம். ஐஸ் டீ கோப்பையும் கையுமாகக் காற்றுமெத்தையில் ஏறினால் சாயங்காலம் வரை மிதக்கிற எட்னா, அன்றைக்குப் பார்த்து முடியலங்காரம் செய்துகொண்டு வந்திருந்தாள். மற்றவர்களுக்குச் செய்தித்தாளில் திடீரென்று ஏதோ முக்கியமான சமாசாரம் கிடைத்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்க, அத்தனை பேரும் வேர்த்து வழிந்தபடி கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மிஸ்டர் வெர்னன், போட்டி போடலாம்!" என்று பிள்ளைகள் தண்ணீரிலிருந்து கூப்பிட்டார்கள்.

வெர்னன் தோளைத் தடவிக்கொண்டார். பிறகு நைசாக எழுந்து டார்லீன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் டார்லீன், இந்த மருந்து... எத்தனை நாளைக்கு வேலை செய்யும்?"

"தீரத் தீர ஊத்தலாம்னு இருக்கேன். நாளைக்கு ஓட்டெடுப்புல பிள்ளைங்க வேணாம்னு முடிவாயிட்டா, அப்புறம் நாம பெரியவங்க மட்டும்தானே இறங்குவோம்? ஊதா வந்தா யாருன்னு கண்டுபிடிக்கிறதும் சுலபம்."

வெர்னன் தோளைத் தடவுவதை நிறுத்தினார்.

"ஓட்டெடுப்பா? சேச்சே, அதெல்லாம் எதுக்கு? பாவம், குழந்தைங்க. லீவு முடியற வரைக்கும் விளையாடிட்டுப் போகட்டுமே!"

"அதானே," என்றாள் எட்னா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "நான் ஆரம்பத்துலேர்ந்தே அதைத்தான் சொல்றேன்."

டார்லீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அம்மா, நீயும் வாம்மா!" என்று பிள்ளைகள் கூவினார்கள்.

"இதோ வந்துட்டேன்!"

குப்பியில் இருந்தது தன் வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்த வெறும் தண்ணீர் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இருந்தாலும், கழிப்பறைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்த பிறகுதான் குளத்தில் கால் வைத்தாள்.