கதவோடு வந்தவள்

இலவச சட்ட உதவி மையத்துக்கு வந்த அமுலு, தன் வாடகை வீட்டின் வாசல் கதவையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் தாழ்ப்பாளைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார மனம் ஒப்பவில்லை.

ஃபீஸ் வாங்காமல் புதன்தோறும் அங்கே வரும் வக்கீல் மெர்லின் நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவை ஏம்மா கழட்டினீங்க?"

"ஓனரு இடத்த வித்துட்டாராம், உடனே காலி பண்ணணுமாம். நான் இங்க வந்தா அவரு அங்க பூட்டு போட்டுருவாரு மேடம். கதவே இல்லன்னா எதுல போடுவாரு?"

மெர்லின் சிரிப்பை அடக்கிக்கொள்வது அமுலுவுக்குத் தெரிந்தது.

"கோர்ட்ல தடை கேப்போம். திடீர்னு அப்படியெல்லாம் வெளியேத்த முடியாது."

மெர்லின் மனு எழுதத் தொடங்கினாள். டக், டக் என்று தாழ்ப்பாள் மட்டும் ஓயவில்லை.

அமுலுவின் போன் அடித்தது. பக்கத்து வீட்டு நூர்ஜஹான் பதறினாள்.

"அக்கா, ஓனரு கொத்தனார இட்டாந்துட்டாரு. உன் வாசல்ல செங்கல் வெச்சு அடைக்கிறாங்க. முட்டி ஒசரம் வந்துடுச்சு. உன் ஜாமான்லாம் உள்ளதான் கீது."

தாழ்ப்பாள் நின்றது. நூர்ஜஹானின் சத்தம் மேசை வரை கேட்டது; மெர்லின் பேனாவை மூடிவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"சிமெண்ட் காயறதுக்குள்ள போயிடணும். வாங்க. கதவு இங்கயே இருக்கட்டும்."

அமுலு அதற்குள் கதவின் ஒரு முனையைத் தூக்கியிருந்தாள்.

"செவுரத் தாண்டி உள்ள பூந்துட்டா, சாத்திக்க வேணாமா மேடம்? அந்தாண்ட புடிங்க."