ஒற்றைக் காலில்

"மூணு கால் ஸ்டாண்டு கொண்டு வரலையா சார்?" என்று கேட்டாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி.

"இந்த இடத்துல மூணு காலையும் விரிச்சா, சிமென்ட் தூக்கிட்டுப் போறவன் எவனாவது தடுக்கி விழுவான். அப்புறம் அவனுக்கும் உங்க கம்பெனிதான் அழணும்" என்றார் புகைப்படக்காரர்.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பாதி கட்டி நிற்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பம் அது. சட்டம் வைக்காத ஜன்னல் வழியாக, சாலைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அப்பால் ஒரு பழைய குடியிருப்பின் பால்கனி கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது.

மோனோபாட் என்கிற ஒற்றைக் கால் ஸ்டாண்டைக் கண் உயரத்துக்கு நீட்டி இறுக்கினார். முழங்கை நீள லென்ஸை அதன் தலையில் திருகினார். கம்பின் நுனியைச் சுவர் மூலையில் ஊன்றி, கால்களை அகட்டி நின்று, இடது கையை லென்ஸின் முதுகில் வைத்து அழுத்தினார்.

"ஒத்தைக் கம்பு, ஆடாதா?"

"மிச்சம் ரெண்டு கால் என்னோடது, மேடம். பத்திரிகையில இருபது வருஷம் மைதானம் மைதானமா இப்படித்தான் நின்னேன். மூச்சை விட்டுட்டு அழுத்தணும், அவ்வளவுதான்."

பத்திரிகையை மூடிய பிறகு அவருக்கு இந்த வேலைதான். நடக்க முடியாது என்று சொல்லி நஷ்டஈடு வாங்குகிறவர்கள் நடப்பதைப் படம் பிடிப்பது.

அவள் கோப்பைப் புரட்டினாள். "தொழிற்சாலையில சாரம் சரிஞ்சு விழுந்திருக்கார். ரெண்டு காலும் வேலை செய்யலை. எழுந்து நடக்கறார்னு போன வாரம் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை சார். நாலு நாளா எங்க ஆளுங்க பார்க்கறாங்க, நாற்காலியை விட்டு அசையவே இல்லையே!"

"அசைவான். இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும். சின்ன வயசுலயே வயித்து வலி, தலைவலின்னு படுத்துக்குவாங்க. வீடே அவங்களைச் சுத்திச் சுத்தி வரும். பக்கத்துல இன்னொருத்தன் இருக்கானே, சாப்பிட்டானான்னு கேக்க நாதி இருக்காது."

"நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்க!"

"இந்த வேலையில எத்தனை பேரைப் பார்த்தாச்சு."

நாலரை மணிக்குப் பால்கனிக் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் அந்த ஆள் வந்தான். அவனைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வயதான பெண்மணி ஒருத்தி வாளியில் துவைத்த துணிகளோடு வந்தாள். கொடி எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

புகைப்படக்காரர் கண்ணை எடுக்கவில்லை. கம்பைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

ஈரப் போர்வையை உயரத் தூக்கி வீசும்போது ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. கிழவி கைப்பிடிக் கம்பிப் பக்கம் சரிந்தாள்.

நாற்காலி பின்னால் உருண்டது. அந்த ஆள் நின்றான். ஒரு அடி. இன்னொரு அடி. கிழவியை இடுப்போடு சேர்த்துப் பிடித்து உள்பக்கம் இழுத்தான்.

கேமரா விடாமல் சடசடத்தது. பதினொரு படங்கள்.

"ஐயோ!" அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த அம்மா கீழே விழுந்திருப்பாங்க சார்! உங்க கை நடுங்கக்கூட இல்லையே!"

"நடுங்காம இருக்கத்தானே இந்தக் கம்பு."

"ஐயையோ, அவர் விழுந்துட்டார் பாருங்க! கால் ரெண்டும் துவண்டு போச்சு. அதையும் எடுங்க சார்."

அவர் ஏற்கெனவே லென்ஸைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"நின்னாரா இல்லையாங்கறதுதான் கேள்வி. நின்னாச்சு. நடிக்கத் தெரிஞ்சவனுக்கு விழத் தெரியாதா?"

 அவள் படங்களை மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அந்த ஆள் இரண்டு காலில் நின்றான். அவ்வளவு துல்லியம். பெருமூச்சு விட்டு அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

"நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் ஏமாந்துட்டேன். நாளையோட எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. மோசடின்னு வழக்கும் போடுவாங்க." கோப்பை இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவர் மோனோபாடின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி உள்ளே தள்ளினார். எத்தனையோ வருடங்களாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்கில் தீர்ப்புக் கிடைத்துவிட்டது போல நெஞ்சு லேசாக இருந்தது.

செல்போன் அடித்தது. இரண்டு முறை துண்டித்தார். மூன்றாவது முறை எடுத்தார்.

"பெரியவனே, அம்மா பேசறேன்டா. வெச்சுடாதே." அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கியது அந்தக் குரல். "உன் தம்பி நின்னுட்டான்டா! துணி காயப் போடறப்ப மாடியிலேர்ந்து விழப் போனேன், அவன் தன்னை அறியாம எழுந்து வந்து என்னைப் பிடிச்சுட்டான். மூணு வருஷத்துல இன்னிக்குத்தான்டா முதல் தடவை! உடனே விழுந்துட்டான், விழுந்தா என்ன? 'முதல்ல அண்ணனுக்குச் சொல்லும்மா'ன்னு அவன்தான் உன்னைக் கூப்பிடச் சொன்னான். சொன்னா டாக்டர்கூட நம்ப மாட்டார். நீ மட்டும் இங்கே இருந்திருந்தா, அதை அழகா ஒரு போட்டோ எடுத்திருப்பே இல்ல?"