சிவப்புச் சீட்டு

திருகு முடுக்கும் கருவி அளவுக்கு மேல் இறுக்குவதைச் சோதனையில் கண்ட தொழிற்சாலைத் தரச் சோதகர் இன்பச்செல்வி, அதன்மேல் சிவப்புச் சீட்டை ஒட்டினாள். சரிபார்த்த மாற்றுக் கருவி வரும்வரை உற்பத்தி லைன் ஓடக்கூடாது. இப்படி நிறுத்திவிடுவதால்தான் கேன்டீனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இன்றும் முணுமுணுப்பார்கள் என்று பார்த்தால், லைனில் வேலை செய்யும் பெண்கள் ஹோவென்று கூவினார்கள். அவர்களில் நிறைமாதமாக இருக்கும் வளர்பிறை, நாளை முதல் பேறுகால விடுப்பில் போகிறாள். அவளுக்கு வளையல் போட நேரமே வாய்க்காமல் கிடந்தது.

கேன்டீன் மேசைக்குச் சந்தனமும் கண்ணாடி வளையல்களும் வந்துவிட்டன.

"லைனை நிறுத்தின கைதான் முதல்ல போடணும். வாங்கக்கா!" என்று வளர்பிறை கையை நீட்டினாள்.

இன்பச்செல்வி ஒரு வளையலை எடுத்து அவள் கையில் மாட்டினாள். வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியதும் குலவைச் சத்தம் கூரையைத் தொட்டது. மாற்றுக் கருவியோடு வந்த சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். இன்பச்செல்வியைப் பார்த்து, பத்து நிமிடம் என்பதுபோல் பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.