முதல் எபிசோடு

"ரெண்டு பேரும் ஒரு பத்து மினிட் தனியாப் பேசிட்டு வாங்க, கேட்டோ. நாங்க இங்கேயே இருக்கோம்" என்றார் ராஜபாய், மலையாளம் கலந்த தமிழில்.

நம்பி தன் அம்மாவைப் பார்த்தான். வடிவாம்பாள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்ரீலட்சுமியின் அப்பா குற்றாலலிங்கம். ஆரியசாலையில் மிளகுக் கடையை அடைத்துவிட்டு நேராக வந்திருந்தார். இரு வீட்டாரும் ஒருவரையொருவர் அளந்து பார்ப்பதும், பார்வை முட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். ராஜபாய்க்கு இது பழகிய காட்சி. இருபது வருடத்தில் அந்த அம்மாள் எத்தனையோ ஜோடிகளை இப்படிப் பேச அனுப்பியிருக்கிறார்.

வராந்தாவின் கோடியில் ஒரு மரபெஞ்சு. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். காலையில் பிடித்த மழை. முற்றமெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது.

"மழை விட மாட்டேங்குது" என்றான் நம்பி.

"ம்."

அவன்தான் மறுபடி ஆரம்பித்தான், ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பற்றி.

"அனிமே புது சீசன் தொடங்கியாச்சு. ஏதாவது பாக்க முடிஞ்சுதா?"

ஸ்ரீலட்சுமி நிமிர்ந்தாள். "நாலு பாத்தேன். எல்லாம் முதல் எபிசோடு மட்டும். மூணு வேஸ்ட். பள்ளிக்கூடத்துப் பையன் லாரியில அடிபட்டு வேற லோகத்துக்குப் போறான். எத்தன தடவைதான் போவான்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலாவது?"

"அது ஒரு கடலோர ஊரு. அங்க எல்லாரும் ராத்திரி காணுற கனவு..."

"விடியக்காலம் தெருத் தண்ணியில மிதந்து வரும். அதானே?"

"நீங்களும் பாத்தாச்சா?"

"நேத்து ராத்திரி."

"நைட் ஷிப்ட் இல்லியா?"

"போன மாசம் பகலுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டேன்."

அவள் சற்று நேரம் மழையைப் பார்த்தாள். "செரி, ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் என்ன? சொல்லுங்க."

"கதை ரொம்ப மெதுவாப் போகுது. பத்து நிமிஷத்துல நிறுத்தியிருப்பேன். ஆனா அந்த நெறம் விடல்லே."

"அந்த நீலம்!"

விடிந்தும் விடியாத நீலம் அது. முழங்கால் அளவு கடல் ஊருக்குள் வந்து சத்தமில்லாமல் நிற்கும். அதன்மேல் கனவுகள் காகித விளக்குகளைப் போல மெல்ல மிதந்து வரும். ஒன்றுக்குள் ஒரு குழந்தை யானைமேல் போகும். இன்னொன்றில் ஒரு கிழவர் பறந்துகொண்டே மீன் பிடிப்பார். ஒரு பெண் சின்ன வலையோடு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்து, யாருடைய கனவோ அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பாள். வெயில் ஏறுவதற்குள் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரைந்துவிடும்.

அவன் விட்ட இடத்தில் அவள் எடுத்தாள். அவள் மறந்ததை அவன் சொன்னான். பேசப் பேச, எதிரே இருந்த முற்றமும் அந்தத் தெருவைப் போலவே ஆகிவிட்டது. பூவரசம்பூ ஒன்று மஞ்சளாக மிதந்து போயிற்று. அது திரும்பி மறையும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

"கடைசியா ஒரு தோணிக்காரன் வீட்டு வாசல்ல அவ வந்து நிக்கா பாருங்க" என்றாள் ஸ்ரீலட்சுமி. "அங்க நான் அழுதுட்டேன்."

"எனக்கு அங்கதான் கோவம் வந்துது. அவன் ராத்திரி பூரா தோணி தள்ளுறவன், இடையில கண்ணசந்தாத்தான் கனவு. பகல்லதானே தூங்க முடியும்? வாசல்ல ஒருத்தி நிக்கான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் நிக்கா."

"பின்னே கதவைத் தட்டலாம் இல்லியா?"

"அசந்து தூங்குறவனை எப்படி எழுப்புறது? பாவமா இருக்காதா? நின்னு நின்னு பாக்கா. வெயில் ஏறுது. கையில இருந்தது கரைஞ்சு போகுது. அவளும் போயிடுறா."

நம்பி குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

"அவ வர்றதே இல்லேன்னுதான் அவன் நெனச்சிட்டிருக்கான். அவளுக்குத் தன்மேல இஷ்டமே இல்லேன்னு." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "தட்டியிருந்தா எந்திரிச்சிருப்பேன்."

அவள் அந்த வார்த்தையைத் திருத்தவில்லை. பெஞ்சில் நடுவே இருந்த இடம் எப்போது குறைந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. மழை தூறலாகியிருந்தது.

"பத்து மினிட் சொன்னேன், அரை மணிக்கூர் கழிஞ்சாச்சு!" ராஜபாய் வந்து நின்றார். பின்னாலேயே வடிவாம்பாளும் குற்றாலலிங்கமும் வந்தார்கள். "என்ன தீர்மானம்? ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?"

ஸ்ரீலட்சுமி எழுந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதம் இல்ல, மேடம்."

எல்லோரும் நம்பியைப் பார்த்தார்கள்.

"எனக்கும் இல்ல" என்றான் அவன்.

வடிவாம்பாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். குற்றாலலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்போ ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்குப் போங்க" என்று வாய்நிறையச் சிரித்த குடும்ப நீதிமன்ற ஆலோசகர் ராஜபாய், ஆறு மாதத்துக்கு முன் கணவனும் மனைவியுமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த விவாகரத்து மனுவை மூடிவைத்தார்.